திதின் திருப்பிப் போட்ட அட்டைகள்

அண்ணன் என்ற மரியாதையில் எல்லோரும் பாங் என்று கூப்பிடும் பார்லினின் ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் பாடினாலும், எவ்வளவு பெரிய வாத்தியக்காரர் வந்து உட்கார்ந்தாலும், திதின் எழுந்து வந்து வயர் சொருகாமல் ஒரு முணுமுணுப்புகூட நாடாவில் ஏறாது. கிழக்கு ஜகார்த்தாவில் டாங்டுத் பாட்டுக் கேசட் போடுகிற எல்லோருக்கும் இது தெரியும். பாடும் அறையிலிருந்து வருகிற கம்பி, நாடா இயந்திரத்துக்குப் போகிற கம்பி, எதிரொலிப் பெட்டியின் கம்பி எல்லாம் வந்து முடிகிற பலகை ஒன்று கண்ணாடிச் சுவரை ஒட்டி நின்றது. பேட்ச் பே என்று அதற்குப் பெயர். மேலும் கீழுமாக ஓட்டை வரிசைகள். ஓட்டைக்கு ஓட்டை தாவுகிற குட்டை வயர்கள், மீ கடைக்காரன் வடிகட்டியைத் தூக்கினால் நூடுல்ஸ் தொங்குமே, அப்படித் தொங்கும். எந்த ஓட்டைக்கும் பெயர் எழுதியிருக்காது.

காருத்திலிருந்து வந்த திதினுக்கு வாத்தியக்காரர்கள் 'சமாதிக் காவலர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மகான்களின் சமாதியில் சாவி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு சலாம் சொல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது, அந்த அர்த்தத்தில். திதினுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அது கேலி என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

முதலில் அவர் சால்டரிங் செய்ய வந்த கூலியாள்தான். பார்லின் கேசட் விற்றுச் சம்பாதித்ததையெல்லாம் போட்டுக் கூடம் கட்டியபோது, கம்பி இழுக்கச் சேர்த்த ஆட்களில் ஒருவர். கேனன் என்று இங்கே எல்லோரும் சொல்லும் மூன்று முள் சொருகி, ஆகாய் என்று சொல்லும் விரல் நீளச் சொருகி, எதைக் கொடுத்தாலும் முத்துப்போல ஈயம் வைப்பார். ஒரு நாட்டுப் பெட்டிக்கு இரண்டாவது முள்ளில் உயிர், இன்னொரு நாட்டுப் பெட்டிக்கு மூன்றாவதில். மாற்றிப் போட்டால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று தின்று குரல் சளி பிடித்ததுபோல ஆகிவிடும். திதின் போட்ட கம்பியில் அந்தத் தகராறு வராது. ஆனால் இந்தப் பிழைப்பில் ஒரு சாபம் உண்டு. வேலை சுத்தமாக முடிந்தால் ஆளுக்கும் அதோடு வேலை முடிந்தது. அதற்கு முன் அவர் கம்பி போட்ட கூடங்களிலெல்லாம் கையைக் குலுக்கி, ஒரு கிராம்புச் சிகரெட்டைக் கொடுத்து வழியனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஊரில் மனைவி இமாஸ் நிறைமாதக் கர்ப்பிணி.

அந்தப் பலகைக்குள் வரிசையாக நிற்பவை சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை. அட்டை சரியாக நின்றால் மேலே வருகிற சத்தம் தானாகவே கீழே இறங்கிப் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். வயரே தேவையில்லை. என்றைக்காவது வழியை மாற்ற வேண்டுமென்றால் மட்டும் சொருகினால் போதும். அதே அட்டையை உருவி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதன் பிறகு வயர் இல்லாமல் எதுவும் எங்கும் போகாது.

கூடம் திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மற்ற ஆட்கள் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், திதின் மூடியைக் கழற்றி அத்தனை அட்டைகளையும் திருப்பிப் போட்டார். பலகையோடு வந்த விளக்கத் தாளைக் கிழித்து, அதில் வறுத்த வாழைப்பழத்தை வைத்துத் தின்று எறிந்துவிட்டார். பிறகு தாமதமாகத் தொழுகைக்குப் போனார்.

திறப்பு விழாவில் பாடகி பாடினாள், நாடா சுற்றியது, சத்தம் மட்டும் வரவில்லை. கம்பிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திதின் நிதானமாக எழுந்து வந்து சொருக ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக உயிர் வந்தது.

"என்னய்யா இது, பாம்புப் புத்து மாதிரி இருக்கு?" என்றார் பார்லின். தேவாலயத்தில் பாடிப் பழகிய பாத்தாக் இனத்துக் குரல், ரகசியம் பேசினால்கூடத் தெருவுக்குக் கேட்கும்.

"இந்த மாதிரிப் பலகை அப்படித்தான் பாங். கூடவே ஒருத்தர் இருந்துகிட்டே இருக்கணும்."

"அப்ப நீயே இருந்து தொலை."

வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த மாதம் மகள் பிறந்தாள், நினிங் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மனிதன் பசிக்குப் பயந்து ஒரு நாள் செய்த திருட்டுத்தனத்தை நான் பெரிய பாவமாக நினைக்க மாட்டேன். ஆனால் திதின் அதோடு நிற்கவில்லை. யாராவது பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிவிடுவார்களோ என்று, எந்தப் பயனும் இல்லாத வெறும் வயர்களையும் நடுநடுவே சொருகி வைத்தார். வாரம் ஒருமுறை அவற்றை இடம் மாற்றினார். பார்லின் பலமுறை சொன்னார், "ஓட்டைக்கு ஓட்டை பேரெழுதி ஒட்டுய்யா, நீ காய்ச்சல்ல படுத்தா நான் என்ன பண்றது?" என்று. "எழுதினா குழம்பிடும் பாங்" என்று திதின் மழுப்பிவிடுவார். ஒலிப்பதிவாளராக வந்து சேர்ந்த ஜாவாக்காரன் சிகித் தன்மையாகக் கேட்டுப் பார்த்தான். அவனுக்கும் அதே பதில்தான். திதினை அவன் காங் என்பான், அவனைத் திதின் மாஸ் என்பார், இரண்டும் மரியாதைக்குச் சொல்வது.

ஆப்பை அசைத்த குரங்கின் கதை எல்லோருக்கும் தெரியும். வால் மாட்டிக்கொண்டது அதற்கு எப்போது தெரிந்தது என்பதை மட்டும் கதையில் சொல்ல மாட்டார்கள். திதினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. காய்ச்சலோடு வந்து சொருகினார். தகப்பன் இறந்தபோது அடக்கத்துக்குப் போய், மண் காய்வதற்குள் திரும்பி வந்தார். பெருநாளுக்கு ஊருக்குப் போனால் ஹாஜி வீட்டுப் போனுக்கு அவரைத் தேடி ஜகார்த்தாவிலிருந்து அழைப்பு வரும். தெருவில் போன் வைத்திருந்தது ஹாஜி ஒருவர்தான். அவர் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் கேட்க, "சரி பாங், வந்துடறேன் பாங்" என்று சொல்லிவிட்டு வெளியே வரும்போது, திதினின் முகத்தில் அலுப்பும் இருக்கும், பெருமையும் இருக்கும். பெருமைதான் கூடுதல் என்று இமாஸ் சொல்வாள்.

நினிங் வளர்ந்து வாய் நீண்டவளாக ஆனாள். "அப்பா, அம்மாவை நிக்காஹ் பண்ணீங்களா, அந்தப் பலகையைப் பண்ணீங்களா?" என்று சாப்பிடும்போது கேட்பாள். திதின் சிரிப்பார். கல்யாணம் நிச்சயமானபோது அவள் சிரிக்காமல் ஒன்று கேட்டாள்.

"என் கையைப் புடிச்சுக் குடுக்கறது நீங்கதான் அப்பா. மாப்பிள்ளை கையைப் புடிச்சு, இன்னார் மகளை உனக்குக் குடுத்தேன்னு நீங்க வாயால சொல்லணும். அதுக்கு மட்டும் இருங்க. மத்ததுக்கெல்லாம் நான் ஒன்னும் கேட்டதே இல்லையே."

"இருப்பேன்."

"அந்த ஹாஜி வீட்டுப் போன் அடிச்சா?"

"அடிக்காது. வாரத்துக்கு வேண்டியதெல்லாம் சொருகி வச்சுட்டுத்தான் வருவேன்."

சொன்னபடியே செய்தார். அந்த வாரத்துப் பதிவுகளுக்கு வேண்டியதையெல்லாம் சொருகி, 'தொடாதே' என்று ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டு, கம்புங் ரம்புத்தான் பேருந்து நிலையத்தில் காருத் வண்டி ஏறினார். ஞாயிறு காலையில் நிக்காஹ். சனிக்கிழமை காலை நீராட்டுச் சடங்கு. இமாஸ் துணியால் மகளைத் தன்னோடு சேர்த்து அணைத்து அழைத்து வர, திதின் முன்னால் மெழுகுவர்த்தி ஏந்தி நடந்தார். மெழுகு விரலில் சொட்டியது, ஆனாலும் விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பூ மிதக்கும் தண்ணீரை மகளின் தலையில் ஊற்றி முடித்த உடனே, ஹாஜி வீட்டிலிருந்து ஆள் வந்தான்.

நடந்தது இதுதான். சுராபாயாவிலிருந்து பெரிய பாடகி ஒருத்தி வருகிறாள், கூடவே கேசட் கம்பெனி ஆட்களும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் இபு தர்மி காலையிலேயே வந்து எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கியிருந்தாள். அந்த வயர்க் குப்பை அவள் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் உருவி, நிறம் பார்த்துப் பிரித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள். 'தொடாதே' அட்டையையும் துடைத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

போனில் பார்லின் கத்தவில்லை. அதுதான் திதினுக்குச் சங்கடமாக இருந்தது.

"திதின், பொண்ணு கல்யாணத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோ. நீ வர வேணாம். போன்லயே சொல்லு, எந்த ஓட்டையில இருந்து எந்த ஓட்டைன்னு. சிகித் சொருகிக்குவான். அந்தம்மா சாயங்காலம்தான் பாடப் போறா, நாளைக்கு ஊருக்குப் போயிடுவா."

திதின் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். மேல் வரிசையில் ஓரத்திலிருந்து இத்தனையாவது, கீழே இத்தனையாவது. சிகித் சொருகினான். ஒன்றும் வரவில்லை. வெறும் வயர்களையும் உண்மையான வயர்களையும் கலந்து கலந்து இடம் மாற்றியதில், எது எங்கே என்று அவர் கைக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை. இன்னொன்று சொன்னார். உய்யென்று ஊளைச் சத்தம் வந்தது, போனிலேயே கேட்டது. ஹாஜி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

சிகித் போனை வாங்கினான். "காங் திதின், ஒன்னு கேக்கறேன். மூடியத் திறந்து உள்ள பாக்கட்டுமா? வேற ஊர்ல ஒரு கூடத்துல பாத்தேன். அங்க இதே பலகை, வயரே இல்லாம ஓடிச்சு."

திதினின் வாயில் அந்த வாக்கியம் வந்து நின்றது. மூடியைத் திற, அட்டைகளை உருவித் திருப்பிப் போடு. இவ்வளவுதான். சொல்லியிருந்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும், அவரும் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். ஹாஜி பார்த்துக்கொண்டிருந்தார். திதினின் தம்பி ஓதிங் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"திறக்காத மாஸ். கை வச்சா மொத்தமும் போயிடும். நான் வரேன்."

"நாளைக்குக் காலையில நிக்காஹ்னு பாங் சொன்னாரே?"

"நான் வரேன்னு சொல்றேன்ல. மூடியத் தொடாத."

ஊருக்காகச் சொன்ன காரணம் முதலாளிக்கு நெருக்கடி என்பது. அவரைத் துரத்தியது வேறு பயம். அந்த மூடி. இமாஸ் பூத்தண்ணீர்க் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். நினிங் ஈரத் தலையோடு வாசல்வரை வந்தாள்.

"விடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்றார் திதின்.

"நான் கேக்கவே இல்லையே" என்றாள்.

ஜகார்த்தா போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூடத்தின் நடையிலேயே அந்தப் பாடகியின் குரல் கேட்டது. துல்லியமாக, ஈரப்பசையோடு, ஓர் இரைச்சல் இல்லாமல். திதின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாடா சுற்றிக்கொண்டிருந்தது. பலகை மொட்டையாக நின்றது, ஓர் ஓட்டையில்கூட வயர் இல்லை. இபு தர்மி சுருட்டி மாட்டிய கட்டுகள் ஆணியில் அப்படியே தொங்கின. கழற்றிய மூடி சுவரில் சாய்ந்திருந்தது.

சிகித் அவரைப் பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெயித்தோம் என்கிற சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தொழுகை அறைக்குள் வந்துவிட்ட பெரியவரைப் பார்ப்பதுபோல, வெட்கப்பட்டான்.

பார்லின் அவரை வெளியே அழைத்துப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாக மெல்லப் பேசினார்.

"நீ கிளம்பினதும் பொறுமை இல்லாம நான்தான் திறக்கச் சொன்னேன். அத்தனை அட்டையும் முன்பின்னாத் திரும்பி நிக்குது. ஒன்னு ரெண்டுன்னா தவறிப் போச்சுன்னு சொல்லலாம்."

திதின் கூடத்தின் கதவையே பார்த்தார்.

"உன்னை எதுக்கு வச்சிருந்தேன்னு நினைச்சே? வயர் சொருகவா? திறப்பு விழாவுக்கு முன்னாடியே பெண்டாட்டிகிட்டச் சொன்னேன், எல்லாரையும் அனுப்பிடலாம், அந்தக் காருத்துக்காரனை மட்டும் விடக் கூடாது, அவன் கை வச்ச இடத்துல இரைச்சல் இல்லைன்னு. அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லத்தான் இருந்தேன். நீ அதுக்குள்ள பாம்புப் புத்தை உண்டாக்கிட்டே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று நிறுத்தினார். "சரி, இப்ப இங்க நிக்காத. என் வண்டியில போ, டிரைவர் இருக்கான். பொண்ணு கல்யாணத்தைப் பாரு."

அவர் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் திதினுக்கு வழியெல்லாம் நினைத்துக் குமுற ஏதாவது கிடைத்திருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்கு நினைக்க இருந்ததெல்லாம் நாட்கள்தான். காய்ச்சலோடு வந்த நாள், தகப்பனை மண்ணில் வைத்துவிட்டு ஓடி வந்த நாள். எதற்கும் தேவை இருந்திருக்கவில்லை.

நாக்ரெக் ஏற்றத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து சாலைக்குக் குறுக்கே படுத்துவிட்டது. பின்னால் வண்டிகள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. விடிந்தது, வெயில் ஏறியது, எதுவும் நகரவில்லை. திதின் இறங்கி நடந்து, சாலையோரப் போன் கடையைக் கண்டுபிடித்து ஹாஜி வீட்டை அழைத்தார். போனை எடுத்தது, தகவலுக்காக அங்கே காத்திருந்த, நிக்காஹ் நடத்தி வைக்க வந்த பெரியவர்.

"பாக் திதின், எங்க இருக்கீங்க? ஹஜ் மாசம், கல்யாணம் நிறைய, இன்னைக்கு எனக்கு இன்னும் மூணு வீடு இருக்கு. மாப்பிள்ளை வீட்டாரும் குறிச்ச நேரம் தாண்டிப் போகுதுங்கறாங்க."

"நாக்ரெக்ல மாட்டிகிட்டேன். கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்துத்தான் இவ்வளவு நேரம். பொண்ணு சொல்றா, சித்தப்பாவை விட்டே முடிச்சுடுங்கன்னு. உங்க உரிமையைத் தம்பி ஓதிங்குக்குக் குடுக்கிறதா நீங்க வாயால சொல்லணும். சாட்சிங்க கேக்கணும், சத்தமாச் சொல்லுங்க."

லாரிகளின் இரைச்சலில் திதின் உரக்கச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றார்கள். மகளைக் கொடுக்கும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கிறேன் என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கடையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஹாஜி வீட்டில் போனை வைக்க மறந்து எல்லோரும் பந்தலுக்கு ஓடிவிட்டார்கள். திதின் காதிலிருந்து எடுக்கவில்லை. சன்னல் வழியாக ஒலிபெருக்கி கேட்டது. ஓதிங் தடுமாறினார், சரியாகச் சொல்லச் சொல்லித் திருத்தினார்கள், மறுபடி சொன்னார். மாப்பிள்ளை ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். "சஹ்" என்றார்கள் சாட்சிகள். செல்லும் என்று அர்த்தம். கூட்டம் முழுவதும் திரும்பச் சொன்னது. ஒலிபெருக்கிச் சொருகியில் எங்கோ தொடர்பு சரியில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் கரகரவென்று ஓர் இரைச்சல் வந்தது. தான் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சரி செய்திருக்கலாம் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியது. அப்படி ஒரு மனதை என்ன செய்வது?

வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி வண்டிகளுக்கு நடுவே புகுந்து அவர் ஊர் வந்து சேர்ந்தபோது, விருந்தினர்கள் சாப்பிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள். நினிங் மணமேடையில் இருந்து இறங்கி வந்து, ஒரு தட்டில் சோறும் ரெண்டாங் கறியும் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"சாப்பிடுங்க அப்பா. அங்க என்ன கெட்டுப் போச்சு?"

திதின் வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் அது வாய்க்கு வரவில்லை.

"ஒன்னும் கெட்டுப் போகலம்மா."

"அப்ப எதுக்குப் போனீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அவள் மாப்பிள்ளைப் பக்கம் போனாள்.

பார்லின் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்பி பழுது பார்க்க, புது மைக்குக்குச் சொருகி போட என்று வைத்துக்கொண்டார். பலகையில் ஓட்டைக்கு ஓட்டை சிகித் பெயர் எழுதி ஒட்டினான். அதன் பிறகு ஒருமுறைகூட ஹாஜி வீட்டுப் போன் திதினுக்காக அடிக்கவில்லை. விடுமுறை கேட்டால் உடனே கிடைத்தது. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கிடைத்தது.

அதனால் ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவர் முதல் ஆளாக ஊரில் இருக்கிறார். பெருநாள் காலையில் பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார, சின்னவர்கள் முழந்தாளிட்டு முழங்காலில் நெற்றி வைத்து மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். இன்னாருக்குப் பிறகு இன்னார் என்று வரிசை உண்டு. நினிங் புருஷனோடு வருவாள். முதலில் அம்மாவிடம். அடுத்து, அப்பாவைத் தாண்டிக்கொண்டு சித்தப்பா ஓதிங்கிடம்.

ஓதிங் கூச்சப்பட்டு எழுந்திருக்கப் பார்ப்பார். "அண்ணனுக்கு முதல்ல பண்ணும்மா."

"உக்காரு" என்பார் திதின். "அவ கையைப் புடிச்சுக் குடுத்தவன் நீதானே."

அப்படியெல்லாம் இல்லை அப்பா என்று அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வாள் என்று ஒவ்வொரு பெருநாளும் அவர் காத்திருப்பார். அவள் குனிந்து சித்தப்பாவின் முழங்காலில் நெற்றியை வைப்பாள்.